தேர்ச்சி சதவீதத்தைக் கொண்டு பள்ளிகளை ஒப்பிடலாமா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியான அன்று மாலைக்குள் ஒரு பட்டியல் நம் கைபேசிகளுக்கு வந்துவிடுகிறது. மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் மேல்நிலைப் பள்ளிகளும் தேர்ச்சி சதவீத வரிசையில் அதில் நிற்கும். முதலில் நம் பள்ளி எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்க்கிறோம். அடுத்து பக்கத்து ஊர்ப் பள்ளி எங்கே என்று தேடுகிறோம். சில நாள்களில் நடக்கும் மீளாய்வுக் கூட்டத்தில் பட்டியலின் மேலே இருப்பவர்களுக்குப் பாராட்டு கிடைக்கும். கீழே இருப்பவர்கள் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மாணவர்களில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் கைவிட்டது. குழந்தைகளை வரிசைப்படுத்துவது தேவையில்லாத மன அழுத்தத்தைத் தருகிறது என்பதை ஏற்றுக்கொண்டோம். பள்ளிகளின் வரிசை மட்டும் நம் பேச்சில் அப்படியே இருக்கிறது.

கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, இப்போது ஊரகப் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருக்கிறேன். அந்தப் பட்டியலின் மேல் பாதியிலும் என் பள்ளி இருந்திருக்கிறது, கீழ்ப் பாதியிலும் இருந்திருக்கிறது. பள்ளிகளை ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நம்மைவிட நன்றாகச் செய்யும் பள்ளி எது, அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒப்பீடு வேண்டும். ஆனால் ஒற்றை எண்ணை வைத்து ஒப்பிட்டால் தவறான பள்ளியைப் பாராட்டவும் தவறான பள்ளியைக் கண்டிக்கவும் நேரும். அதைவிட முக்கியமாக, ஒரு குழந்தை வகுப்பறையை விட்டு வெளியேறவும் அது காரணமாகிவிடும். எப்படி என்பதைச் சில எளிய கணக்குகளோடு பார்ப்போம். இந்தக் கட்டுரையில் வரும் பள்ளி எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. மாநில அளவிலான எண்கள் தேர்வுத்துறை வெளியிட்டவை.

முதலில் பகுதியைப் பாருங்கள்

தேர்ச்சி சதவீதம் ஒரு பின்னம். தொகுதியில் தேர்ச்சி பெற்றவர்கள். பகுதியில் தேர்வு எழுதியவர்கள். நம் கவனம் எப்போதும் தொகுதியின் மேல்தான் இருக்கிறது. சதவீதத்தை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு என்பது நம் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். தொகுதியைக் கூட்டலாம், அல்லது பகுதியைக் குறைக்கலாம்.

அ, ஆ என்று இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் 60 பேர்.

அ பள்ளி: பத்தாம் வகுப்பில் 52 பேர். பெயர்ப்பட்டியலில் 50 பேர். தேர்வு எழுதியவர்கள் 48. தேர்ச்சி 48. தேர்ச்சி சதவீதம் 100.

ஆ பள்ளி: பத்தாம் வகுப்பில் 60 பேர். பெயர்ப்பட்டியலில் 59 பேர். தேர்வு எழுதியவர்கள் 58. தேர்ச்சி 53. தேர்ச்சி சதவீதம் 91.4.

பட்டியலில் அ பள்ளி உச்சியில் இருக்கும். அதன் தலைமையாசிரியருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கும். இப்போது பகுதியை மாற்றி, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த 60 பேரையே அடிப்படையாக வைத்துக் கணக்கிடுவோம். அ பள்ளியில் 60க்கு 48, அதாவது 80 சதவீதம். ஆ பள்ளியில் 60க்கு 53, அதாவது 88.3 சதவீதம். வரிசை தலைகீழாகிவிட்டது.

அ பள்ளியில் குறைந்த 12 பேரில் சிலர் பெற்றோரின் இடமாற்றத்தால் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். அது இயல்பு, அவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவதுதான் முறை. மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பதுதான் கேள்வி. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது நம் மாநிலத்தின் நடைமுறை. ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கதவு மூடப்படும் வாய்ப்பு ஒன்பதாம் வகுப்பில்தான் வருகிறது. 'இவன் பத்துக்கு வந்தால் நம் சதவீதம் போய்விடும்' என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழும் காலமும் அதுதான். பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்வது, 'தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம்' என்று ஆறுதலாகச் சொல்வது, வருகை குறைந்த மாணவரைத் தேடிப் போகாமல் விட்டுவிடுவது, இவை எதற்கும் பட்டியலில் பத்தி இல்லை. சதவீதம் மட்டும் உயர்ந்திருக்கும்.

என் பள்ளியில் ஓர் ஆண்டு பத்தாம் வகுப்பில் 31 பேர். அவர்களில் ஒரு மாணவர் விடியற்காலையில் தந்தையோடு பூப் பறிக்கப் போய்விட்டு, இரண்டாம் பாடவேளைக்குத்தான் வருவார். எழுத்துக்கூட்டிப் படிப்பார், கணக்கில் கூட்டல் கழித்தலோடு நின்றுவிடுவார். அவரைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பலாமா என்ற பேச்சு எங்கள் கூட்டத்திலும் வந்தது. அனுப்புவது என்று முடிவெடுத்தோம். பொதுத்தேர்வில் நான்கு பாடங்களில் தேறினார்; கணிதத்தில் தேறவில்லை. 31க்கு 30, எங்கள் சதவீதம் 96.8 ஆனது. கோடையில் கணித ஆசிரியர் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். துணைத்தேர்வில் தேறித் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். மீளாய்வுக் கூட்டத்துக்கு நாங்கள் கொண்டுபோன படிவத்தில் துணைத்தேர்வுத் தேர்ச்சிக்கு இடம் இல்லை. அந்த ஆண்டு எங்கள் ஆசிரியர்கள் செய்த மிக நல்ல வேலை எந்தக் கட்டத்திலும் ஏறாமல் போனது.

ஒரு குழந்தை, ஐந்து சதவீதம்

பத்தாம் வகுப்பில் 20 பேர் உள்ள பள்ளியில் ஒரு குழந்தை தவறினால் சதவீதம் 5 குறையும். 200 பேர் உள்ள பள்ளியில் ஒரு குழந்தை தவறினால் 0.5 குறையும். இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மாணவரும் தேறுவதற்கான வாய்ப்பு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கற்பித்தலும் மாணவர் நிலையும் ஆண்டுதோறும் மாறவே இல்லை என்றும் கொள்வோம். 20 பேரும் தேறுவதற்கான நிகழ்தகவு 0.9ஐ 20 முறை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 0.12. எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்தப் பள்ளி நூறு சதவீதம் காட்டும். அதே பள்ளியில் 16 பேரோ அதற்கும் குறைவாகவோ தேறுவதற்கான நிகழ்தகவு சுமார் 0.13. ஆகவே ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது 80 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கும். எதுவுமே மாறாமல் ஓராண்டு பாராட்டு, இன்னோர் ஆண்டு விளக்கக் கடிதம்! 200 பேர் உள்ள பள்ளிக்கோ, அதே 90 சதவீத வாய்ப்பில் 200 பேரும் தேறுவது நடைமுறையில் நடக்கவே நடக்காது.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் 2007இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்களைப் பார்த்தபோது, மிக உயர்ந்த இடங்களில் சிறு பள்ளிகள் தம் எண்ணிக்கைக்கு மீறி இருந்தன. மிகத் தாழ்ந்த இடங்களிலும் அவையே எண்ணிக்கைக்கு மீறி இருந்தன. பட்டியலின் உச்சியை மட்டும் பார்ப்பவர் சிறு பள்ளிதான் சிறந்தது என்பார். அடியை மட்டும் பார்ப்பவர் சிறு பள்ளிகளை மூடிவிடலாம் என்பார். இரண்டு முடிவுகளும் தவறு.

இதற்கு எளிய மாற்று மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது. 20 பேர் வீதம் எழுதும் சிறு பள்ளியில் மூன்று ஆண்டுகளில் 18, 20, 17 பேர் தேறியிருந்தால் ஆண்டுச் சதவீதம் 90, 100, 85 என்று துள்ளும். சேர்த்துப் பார்த்தால் 60க்கு 55, அதாவது 91.7. ஆண்டுக்கு 200 பேர் எழுதும் பள்ளியில் 181, 184, 183 பேர் தேறியிருந்தால் 600க்கு 548, அதாவது 91.3. இரண்டும் ஒரே தரத்தில் இயங்கும் பள்ளிகள் என்பது இப்போது புலப்படுகிறது.

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு டப்பாவில் 9 வெள்ளைச் சீட்டு, 1 சிவப்புச் சீட்டு. ஒரு சீட்டை எடுத்து நிறத்தைக் குறித்துக்கொண்டு மீண்டும் போட வேண்டும். ஒவ்வொரு குழுவும் 20 முறை எடுக்கட்டும். வெள்ளைச் சீட்டு வந்தால் தேர்ச்சி. எந்தக் குழு 'நூறு சதவீதம்' வாங்கியது, எது கீழே இறங்கியது என்று கரும்பலகையில் எழுதுங்கள். டப்பா எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். திட்டவிலக்கம் எதற்கு என்ற கேள்விக்கும் விடை அங்கேயே கிடைக்கும்.

மாநிலம் முழுவதும் உயர்ந்தால்

'சென்ற ஆண்டு 88, இந்த ஆண்டு 91. மூன்று சதவீதம் முன்னேற்றம்' என்று நாம் அறிக்கை எழுதுவதுண்டு. மாநில அளவில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 2023இல் 91.39 சதவீதம், 2024இல் 91.55, 2025இல் 93.80. அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 2024இல் 87.90 ஆக இருந்தது 2025இல் 91.26 ஆனது. அதாவது அரசுப் பள்ளிகள் மொத்தமாகவே 3.36 புள்ளிகள் உயர்ந்தன. அந்த ஆண்டில் 88இலிருந்து 91க்கு வந்த பள்ளி மற்ற பள்ளிகளோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 88இலேயே நின்ற பள்ளி பின்தங்கியிருக்கிறது. 96க்குப் போன பள்ளியில் ஏதோ புதிதாக நடந்திருக்கலாம். அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

ஐந்தாண்டு, பத்தாண்டு ஒப்பீடு செய்யும்போது இன்னொரு எச்சரிக்கை. கொரோனா காலத்தில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டு ஆண்டுகளின் எண்கள் எந்தப் பள்ளியைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை; வரைபடத்திலிருந்து அவற்றை எடுத்துவிட வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல்கள் 2019-20 கல்வியாண்டில் வந்தன. ஆகவே 2019இன் 95.2 சதவீதத்தையும் 2022இன் 90.07 சதவீதத்தையும் நேருக்கு நேர் வைத்து 'ஐந்து சதவீதம் சரிவு' என்று சொல்வதும் சரியாகாது. பாடத்திட்டம் வேறு, வினாத்தாள் வேறு, இடையில் பள்ளி மூடிக் கிடந்த மாதங்கள் வேறு.

மாவட்டங்களை ஒப்பிடும்போது நிலைமை கொஞ்சம் மாறுபடும். 2024இல் அரியலூர் 97.31 சதவீதத்தோடு முதலிடத்திலும் வேலூர் 82.07 சதவீதத்தோடு கடைசி இடத்திலும் இருந்தன. மாவட்டத்துக்குப் பல ஆயிரம் பேர் எழுதுவதால் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அதற்குக் காரணம் தேட வேண்டும். ஒரு பள்ளியின் 20 பேருக்கும் ஒரு மாவட்டத்தின் பல ஆயிரம் பேருக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தக் கூடாது என்பதைத்தான் இதுவும் காட்டுகிறது.

எங்கிருந்து தொடங்கினார்கள்?

இது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆறாம் வகுப்பில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளிலிருந்தும், ஒன்பதாம் வகுப்பில் நடுநிலைப் பள்ளிகளிலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். சில பள்ளிகளுக்கு ஓரளவு படிக்கத் தெரிந்தவர்கள் மிகுதியாக வருவார்கள். சில பள்ளிகளுக்குப் பத்தி ஒன்றைத் தடையின்றிப் படிக்கத் திணறுபவர்கள் மிகுதியாக வருவார்கள். முடிவை மட்டும் பார்க்கும் பட்டியல் இரண்டையும் ஒன்றாகவே மதிக்கிறது.

இ, ஈ என்ற இரண்டு பள்ளிகள். இரண்டிலும் 100 பேர் தேர்வு எழுதினார்கள். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் வைத்த அடிப்படைத் தேர்வின்படி மாணவர்களை இரு பிரிவாகப் பிரித்துக்கொள்வோம்: கூடுதல் உதவி தேவைப்படுவோர், வகுப்பு நிலைக்கு அருகில் இருப்போர்.

இ பள்ளி: உதவி தேவைப்படுவோர் 20 பேரில் 12 பேர் தேர்ச்சி, அதாவது 60 சதவீதம். வகுப்பு நிலையில் இருப்போர் 80 பேரில் 76 பேர் தேர்ச்சி, அதாவது 95 சதவீதம். மொத்தம் 88 சதவீதம்.

ஈ பள்ளி: உதவி தேவைப்படுவோர் 70 பேரில் 56 பேர் தேர்ச்சி, அதாவது 80 சதவீதம். வகுப்பு நிலையில் இருப்போர் 30 பேரில் 29 பேர் தேர்ச்சி, அதாவது 96.7 சதவீதம். மொத்தம் 85 சதவீதம்.

மொத்தத்தைப் பார்த்தால் இ பள்ளி மேலே. பிரித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலுமே ஈ பள்ளி மேலே. உங்கள் பிள்ளை படிப்பில் கொஞ்சம் பின்தங்கியவர் என்றால் எந்தப் பள்ளியில் சேர்ப்பீர்கள்? நன்றாகப் படிப்பவர் என்றால்? இரண்டுக்கும் விடை ஈ பள்ளிதான். பட்டியலோ அந்தப் பள்ளித் தலைமையாசிரியரை எழுந்து நிற்கச் சொல்கிறது.

கூட்டத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதனால் மாறுகிறது. 'ஏன் 85?' என்று ஈ பள்ளியைக் கேட்பதற்குப் பதிலாக, 'பின்தங்கிய 70 பேரில் 56 பேரைத் தேறவைத்தீர்களே, அதற்கு என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் மற்ற பள்ளிகளுக்கு அது பாடம். காலையில் அரை மணி நேரம் வாசிப்புப் பயிற்சி தந்தார்களா, கணிதத்தில் எந்த அலகுகளிலிருந்து தொடங்கினார்கள், வராத மாணவர் வீட்டுக்கு யார் போனார்கள் என்று அவர்கள் சொல்வதை நாம் குறித்துக்கொள்ளலாம்.

35க்கு மேலே என்ன இருக்கிறது?

தேர்ச்சி என்பது பாடத்துக்கு 35 மதிப்பெண். 35 எடுத்தவரும் 95 எடுத்தவரும் சதவீதக் கணக்கில் ஒன்று. 34 எடுத்தவரும் 8 எடுத்தவரும் ஒன்று. ஆகவே சதவீதம் மட்டுமே குறியாக இருக்கும் பள்ளியில் 25க்கும் 40க்கும் இடையே இருக்கும் மாணவர்கள் மேல் மொத்தக் கவனமும் குவியும். 55இல் இருப்பவரை 75க்குக் கொண்டுபோக நேரம் இருக்காது. 10இல் இருப்பவரை 'இவர் எப்படியும் தேற மாட்டார்' என்று விட்டுவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 2002இல் வந்த ஒரு கல்விச் சட்டம் பள்ளிகளைத் தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியோரின் விகிதத்தைக் கொண்டு மதிப்பிட்டபோது, கோட்டை ஒட்டி நிற்கும் மாணவர்கள் மேலேயே ஆசிரியர்களின் உழைப்பு குவிந்ததை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அழுத்தம் ஒன்றாக இருந்தால் எந்த நாட்டிலும் ஆசிரியர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

ஒரு பள்ளியில் 95 சதவீதத் தேர்ச்சி, ஆனால் பெரும்பாலோர் 35க்கும் 45க்கும் இடையே. இன்னொரு பள்ளியில் 92 சதவீதத் தேர்ச்சி, பாதிப் பேர் 60க்கு மேல். பதினொன்றாம் வகுப்பில் விரும்பிய பாடப்பிரிவு கேட்டு நிற்கும்போதும் பாலிடெக்னிக் சேர்க்கையின்போதும் இந்த வேறுபாடு குழந்தையின் கையில் இருக்கும் மதிப்பெண் சான்றிதழில் தெரியும். எனவே ஒவ்வொரு பாடத்திலும் 0-34, 35-49, 50-69, 70-100 என்று நான்கு பிரிவுகளில் எத்தனை பேர் என்று எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. சதவீதம் சொல்லாத பலவற்றை அந்த நான்கு எண்கள் சொல்லிவிடும். மாணவர், மாணவியர் என்று பிரித்தும் எழுதலாம். 2025இல் மாணவியர் தேர்ச்சி 95.88 சதவீதம், மாணவர் தேர்ச்சி 91.74. உங்கள் பள்ளியில் அந்த இடைவெளி இதைவிடப் பெரிதா என்று பார்க்க வேண்டும். பெரிதாக இருந்தால், மாலையில் வேலைக்குப் போகும் பையன்கள் யார் யார் என்று தேடத் தொடங்குங்கள்.

ஒப்பீட்டையே கைவிடலாமா?

இவ்வளவு சிக்கல் இருந்தால் பட்டியலையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். பிரிட்டனில் இதற்கு இரண்டு வழிகளிலும் அனுபவம் உண்டு. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை அரசு அட்டவணையாக வெளியிடுகிறது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் சேரும் பள்ளிகளே மேலே வருகின்றன என்ற விமர்சனம் தொடக்கம் முதலே இருந்தது. அதனால் மாணவர் தொடங்கிய நிலையைக் கணக்கில் கொள்ளும் அளவீடுகள் 2002 முதல் சேர்க்கப்பட்டன. 2016இல் 'புரோக்ரஸ் 8' என்ற அளவீடு வந்தது. தொடக்கப் பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளியின் மாணவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதை அது காட்டுகிறது. கொரோனாவால் 2020, 2021இல் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வுகள் நடக்காததால், அந்த மாணவர்கள் உயர்நிலை முடிக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த அளவீட்டையே கணக்கிட முடியாமல் போனது. தொடக்க நிலை தெரியாமல் முன்னேற்றத்தை அளக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பக்கத்திலிருக்கும் வேல்ஸ் 2001இல் அட்டவணை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பிறகு என்ன ஆனது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் வேல்ஸ் பள்ளிகளின் முன்னேற்றம் சராசரியாகக் குறைந்திருந்தது. முன்னணிப் பள்ளிகளில் அந்தப் பாதிப்பு இல்லை, பின்தங்கிய பள்ளிகளில் இருந்தது. யாரும் பார்க்காமல் விட்டால் முதலில் பாதிக்கப்படுபவை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள்தான். ஆகவே அரசுப் பள்ளிகளாகிய நமக்கு ஒப்பீடு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லை. நியாயமான ஒப்பீடு வேண்டும் என்று கேட்கும் பொறுப்புதான் உண்டு.

ஒரு பக்கத் தாள்

இதற்குப் புதிய மென்பொருளோ ஆணையோ தேவையில்லை. எமிஸ் பதிவுகளும் பள்ளியில் உள்ள மதிப்பெண் பதிவேடும் போதும். ஒவ்வொரு பள்ளியும் கீழ்க்கண்டவற்றை ஒரே பக்கத்தில் தயாரித்து மீளாய்வுக் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

1. ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? எழுதாத ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறார் என்ற குறிப்பு.

2. பொதுத்தேர்வுத் தேர்ச்சி, அதன் கீழே துணைத்தேர்வுத் தேர்ச்சி.

3. மூன்று ஆண்டுகள் சேர்த்த தேர்ச்சி. பக்கத்திலேயே அரசுப் பள்ளிகளின் மாநிலச் சதவீதம்.

4. ஒன்பதாம் வகுப்பின் தொடக்க நிலைப்படி பிரித்த தேர்ச்சி. 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் திறன் திட்டத்துக்காக நாம் எடுக்கும் அடிப்படை மதிப்பீட்டை இதற்குப் பயன்படுத்தலாம்.

5. பாடவாரியாக நான்கு மதிப்பெண் பிரிவுகளில் மாணவர் எண்ணிக்கை.

6. அந்த ஆண்டில் எந்தப் பாட ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது?

7. தேறியவர்கள் எங்கே சேர்ந்தார்கள்: பதினொன்றாம் வகுப்பு, தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக், சேராதவர்கள்.

இந்தத் தாள்களை வைத்து, மாணவர் எண்ணிக்கையும் தொடக்க நிலையும் ஏறத்தாழ ஒத்திருக்கும் ஐந்தாறு பள்ளிகளை ஒரு குழுவாகச் சேர்க்கலாம். அந்தக் குழுவுக்குள் ஒப்பிட்டால் 'அவர்கள் நகரத்துப் பள்ளி', 'எங்களுக்கு வருபவர்கள் வேறு' என்ற பதில்களுக்கு இடமிருக்காது. வேறுபாடு தெரிந்தால் அது பெரும்பாலும் நாம் செய்யும் வேலையில் உள்ள வேறுபாடாக இருக்கும். அதைக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பங்கு

இது உயர்நிலைப் பள்ளிகளின் சிக்கல் மட்டும் என்று தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் கடந்துபோக வேண்டாம். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தவறும் மாணவரின் விடைத்தாளைப் பாருங்கள். பெரும்பாலும் அவர் தடுக்கி விழும் இடம் பின்னத்திலும் குறை எண்களிலும் இருக்கும். சமூக அறிவியலில் தவறுபவர் பலர் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயே நின்றுவிடுகிறார்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கத்தில் முதல் மூன்று வகுப்புகளில் இருந்த குழந்தைகள் இனி ஒருவர் பின் ஒருவராக நம் உயர்நிலை வகுப்புகளுக்கு வருவார்கள். அவர்கள் எந்த நிலையில் வருகிறார்கள் என்ற குறிப்பு அவர்களோடு சேர்ந்து வந்தால், ஆறாம் வகுப்பு ஆசிரியர் முதல் மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனில் ஒன்றும் ஜனவரியில் ஒன்றுமாக, ஓர் உயர்நிலைப் பள்ளியும் அதற்குக் குழந்தைகளை அனுப்பும் பள்ளிகளும் ஒரே மேசையில் உட்காரலாம். குற்றம் சொல்வதற்கான கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. 'உங்களிடமிருந்து வந்த இந்த எட்டுப் பேர் இப்போது இப்படி இருக்கிறார்கள்' என்று பெயரோடு பேசினால் போதும். தம் மாணவர் பத்தாம் வகுப்பில் என்ன ஆனார் என்ற செய்தி பல தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கிடைப்பதே இல்லை. எங்கள் பகுதியில் இப்படி ஒருமுறை உட்கார்ந்தபோது, ஒரு மாணவர் ஏன் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார் என்பதை அவரது மூன்றாம் வகுப்பு ஆசிரியைதான் எங்களுக்குச் சொன்னார். தாய் வெளியூரில் வேலை பார்க்கிறார், பாட்டியை அவர்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார் என்பது எங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அடுத்த தேர்வு முடிவுகள் வரும் நாளிலும் பட்டியல் கைபேசிக்கு வரத்தான் செய்யும். நம் பள்ளியின் வரியைத் தேடுவதை நிறுத்துவதும் எளிதல்ல. அதைப் பார்த்த கையோடு, பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்து இதில் இல்லாத பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். நம் பள்ளியின் உண்மையான நிலையை அறிய முதலில் படிக்க வேண்டிய பட்டியல் அதுதான். அந்தப் பெயர்களில் ஒருவரையாவது துணைத்தேர்வுக்கோ தொழிற்பயிற்சிக்கோ திரும்ப அழைத்துவர அந்தக் கோடையிலேயே நேரம் இருக்கும்.